சோத்துக்கை

ஜூலை 3

ஓவியக் கல்லூரி மாணவிக்கு,

பாசமாகக் கூப்பிட்டு ஆரம்பிக்கிற நிலைமையில் நான் இல்லை. போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் நம் வீட்டின் லட்சணம் உனக்குத் தெரியும். அடுப்படியில் முணுமுணுத்தால் அப்பாவின் கட்டிலுக்குக் கேட்கும். உன்னிடம் நான் சொல்ல வேண்டியது முணுமுணுக்கிற சங்கதியும் இல்லை. அதனால் மருந்துக் கடையில் கூட்டம் ஓய்ந்த மதிய நேரத்தில், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று எனக்கு விடுமுறை. அப்பாவோடு நடக்கப் போனேன். டிப்போ வரை மெல்ல நடந்து போய், பழைய சகாக்களோடு கொஞ்சம் அரட்டை அடித்துவிட்டு, பஸ் பிடித்துத் திரும்புவது அவர் தினமும் செய்வது. கால் மரத்துப்போகாமல் இருக்க பிசியோதெரபிஸ்ட் சொன்ன நடை அது. பஸ்ஸில் ஏறினோம். முன் இருக்கைக்கு மேலே பளபளவென்று ஒரு புது ஸ்டிக்கர். நீலத்தில் வெள்ளையாக ஓர் இருக்கை. பக்கத்தில் ஓர் ஆள், நம்மைப் பார்த்து நடந்து வருகிறார். ஒரு கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கிறது. ஒரு கால் வெளிப்பக்கம் கோணி இழுபடுகிறது. மடங்கின மணிக்கட்டில் ஒரு பை தொங்குகிறது.

பை, பாப்பா. அந்தப் பையைக்கூட நீ விட்டுவைக்கவில்லையே!

பக்கவாதம் வந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். மடங்கின கை சும்மாதானே இருக்கிறது என்று அதிலே பையை மாட்டிக்கொண்டு நடக்கிறவர் இந்த ஊரில் ஒரே ஒருவர்தான். அவர் இந்த வழித்தடத்திலேயே ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினவர். டிப்போவில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது.

போக்குவரத்துக் கழகம் உங்கள் கல்லூரியில் வைத்த போட்டியில் உன் படம் தேர்வானது என்று நீ சொன்னதும், தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தது நான்தான். என்ன படம் என்று கேட்கத் தோன்றவில்லை. போன விடுமுறையில் வந்து "அப்பா நடங்க, அப்பா திரும்புங்க, அப்படியே நில்லுங்க" என்று போட்டோ எடுத்தாயே, மகள் ஆசைப்படுகிறாள் என்று அவரும் இஸ்திரி போட்ட சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாரே, அது இதற்குத்தானா?

அப்பா ஸ்டிக்கரைப் பார்த்தார். கீழே இருக்கை காலியாகத்தான் இருந்தது. உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். வீட்டுக்கு வந்து கழற்றின செருப்பை இன்று காலை மாட்டவில்லை. கேட்டால் "கால் வலிக்குது" என்கிறார்.

அவர் ஓட்டின பஸ்ஸிலேயே அவரைப் பரிதாபப் பொம்மையாக ஒட்டிவிட்டாய். நன்றாக இரு.

அக்கா


ஜூலை 8

அக்கா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கத்தி பிடித்துக் கருப்புத் தாள் வெட்டுகிற வேலை. விரலை வெட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

நான் இங்கே என்ன படிக்கிறேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்காமலே சொல்கிறேன். சேர்ந்து வெகு நாள் எங்களைப் படமே வரையவிடவில்லை. புள்ளி வை, கோடு போடு, வட்டத்தை வெட்டு. உருவத்தைப் பார்க்காதே, உருவத்தைச் சுற்றி இருக்கிற காலி இடத்தைப் பார். அப்புறம் சின்னங்கள் வந்தன. ஓர் ஆளை வரை, ஒவ்வொன்றாக எடு. கண்ணை எடு, முடியை எடு, விரல்களை எடு. இன்னும் ஒன்றை எடுத்தால் ஆள் ஆளாக இருக்க மாட்டான் என்கிற இடத்தில் நிறுத்து.

முடித்ததும் சார் அதை வராந்தாவின் கோடியில் ஒட்டுவார். வேறு வகுப்பிலிருந்து யாரையாவது கூப்பிட்டு, இந்தக் கோடியில் நிற்க வைத்து, "அது என்ன சொல்லுது?" என்பார். வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. "பாக்கறவன் பின்னாடியே போய் நீ விளக்கம் சொல்ல முடியாதும்மா. பாத்ததும் புரியணும். புரியலன்னா தப்பு அவன்மேல இல்ல, உன்மேல" என்பார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன்.

போட்டிக்குக் கேட்டது இது: சக்கர நாற்காலி இல்லை, ஆனால் நிற்க முடியாது, அப்படிப்பட்டவருக்கு இடம் கொடுங்கள் என்று எழுத்தில்லாமல் சொல்ல வேண்டும். நான் வரைந்த முதல் ஆளைப் பார்த்து ஒருத்தி "வயித்து வலி" என்றாள். அடுத்ததை "டான்ஸ் ஆடுறாரு" என்றார்கள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்று விடுதிக்கு வந்து, யோசிக்காமல், நீ சொன்ன அந்தப் போட்டோக்களைப் பார்த்து அப்பா நடப்பதை வரைந்தேன். மறுநாள் வராந்தாவில் நின்ற பெண் பார்த்த மாத்திரத்தில் "ஐயோ, இவருக்கு எந்திரிச்சு இடம் குடுக்கணும்" என்றாள். சார் என் தோளில் தட்டினார். அக்கா, இந்த ஊரில் என்னை யாராவது தட்டிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பையைப் பற்றிக் கேட்டாயே. பையை எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் அவர் நோயாளி. மாட்டினால் ஏதோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற குடும்பஸ்தர். பரிதாபம் வரக்கூடாது என்றுதான் பையை வைத்தேன். உனக்கு அது தலைகீழாகத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. நீ சரியாகவே பார்க்கவில்லை. அப்பாவுக்கு விழுந்தது இடது கை. படத்தில் இருப்பவருக்கு வலது கை. அவரையேதான் வரைந்தேன் என்றால் கையை மாற்றுவேனா? அது அப்பா இல்லை. யாரோ ஓர் ஆள்.

பாப்பா


ஜூலை 13

பாப்பா,

வலது இடது என்று வக்கீல் மாதிரி பேசாதே. அப்பாவைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்று ஒரு பத்தியில் சொல்கிறாய். அடுத்த பத்தியில் அது அப்பாவே இல்லை என்கிறாய். இரண்டில் ஒன்றை நீயே எடுத்துக்கொள்.

என்ன படிக்கிறாய் என்று நான் கேட்கவில்லையாம். எப்போது கேட்பேன், சொல்லேன். காலையில் அவருக்கு முகம் மழித்து, பல் துலக்கிவிட்டு, மூடிக்கொண்ட விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நகம் வெட்டிவிட்டு, கடைக்கு ஓடுகிறேன். உள்ளங்கையில் நகம் குத்திப் புண்ணாகும் என்று உனக்குத் தெரியுமா? விரலை எடு, விரலை எடு என்று எழுதியிருந்தாயே, வாசிக்கும்போது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. அம்மா போனபின் நம் இருவரில் ஒருத்திதான் வெளியே போக முடியும் என்று இருந்தது. போனவள் நீ. போனதற்காக நான் உன்னைக் குறை சொன்னதே இல்லை. மனசுக்குள் சொன்னதுண்டு.

விசில் மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார். அப்பாவோடு கண்டக்டராக ஓடினவர். அவர் வாய்தான் உனக்குத் தெரியுமே. வாசலிலிருந்தே, "என்னண்ணே, பஸ்ஸுல பர்மனன்ட்டா சீட்டு புடிச்சுட்டீங்க போல! இனி எவனும் உங்கள எறக்க முடியாது" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அப்பாவும் சிரித்தார். மாமா போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிட எழுப்பினேன். "டிப்போவுல எல்லாரும் பாத்திருப்பாங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

நடப்பதை நிறுத்திவிட்டார். பிசியோதெரபிஸ்ட் வந்து முழங்காலை மடக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இப்படியே படுத்திருந்தால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் கட்டிலோடுதான் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வாசலைத் தாண்ட வைத்தது இத்தனை நாளும் டிப்போதான். அங்கே அவர் இன்னும் டிரைவர். நீ அங்கேயும் அவரை நோயாளி ஆக்கிவிட்டாய்.

அந்தப் படத்தை எடுக்கச் சொல். யாரிடம் கேட்பாயோ, எப்படிக் கேட்பாயோ, எனக்குத் தெரியாது. அதை எடுத்தபிறகு எனக்கு எழுது.

அக்கா


ஜூலை 24

அக்கா,

எடுக்க முடியவில்லை. எடுத்தபிறகு எழுது என்றாய். எடுக்காமலே எழுதுகிறேன். மன்னித்துவிடு.

போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்குப் போனேன். ஒவ்வொரு மேஜையாக அலையவிட்டார்கள். கடைசியில் ஓர் அதிகாரி உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. "ஏம்மா, எல்லாரும் பாராட்டறாங்க. கூட்டத்துல கூட எந்திரிச்சு இடம் விடறாங்க. நீ எதுக்கு எடுக்கச் சொல்றே?" என்றார். அது எங்கள் அப்பா என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கும் தெரிந்துவிடுமே. போட்டிக்குக் கொடுத்தபோதே கையெழுத்துப் போட்டாகிவிட்டது, சின்னம் இனி அவர்களுடையதாம்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. நீ கடையில் இருக்கிற நேரம் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா எடுத்தார். அவர்தான் பேசினார். "பாப்பா, என் சோத்துக்கை நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். மூச்சு திணறுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.

அக்கா, அது எனக்கு ஈட்டி மாதிரி இறங்கியது. உனக்கு நான் பெருமையாக எழுதினேனே, கை வேறு, அதனால் ஆள் வேறு என்று. அது சும்மா வாய்ச் சவடால். நான் வரைந்ததும் இடது கைதான். மடங்கின கையும் பையும் பக்கத்திலிருந்த இருக்கையின் படத்தோடு இடித்தன. "ஆளு சீட்டுப் பக்கம் சாயணும், திருப்பிப் போடும்மா" என்றார் சார். கணினியில் ஒரே தட்டு. கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். எனக்கு அது வெறும் வடிவமாக இருந்தது. சாப்பிடுகிற கை, கையெழுத்துப் போடுகிற கை, நம் தலையில் வைக்கிற கை, அவருக்கு மிஞ்சியிருக்கிற ஒரே கை, அதையும் பிடுங்கிவிட்டேன் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

எடுக்கத்தான் முடியாது. திருத்த முடியும் என்றார் அந்த அதிகாரி. முதலில் ஒட்டினவை ஓரம் உரிகின்றனவாம். எல்லாவற்றையும் கிழித்துவிட்டுக் கெட்டியான தாளில் புதிதாக ஒட்டப் போகிறார்கள். அதனால் திருத்தி அனுப்பிவிட்டேன். வலது கையை நிமிர்த்தி வீசி நடக்க வைத்தேன். மடங்கினதை அவருடைய இடது கையாக்கினேன். சார் பார்த்துவிட்டு, "இப்ப சீட்டுக்கு முதுகு காட்டற மாதிரி இருக்கே, சின்னம் கெட்டுப்போச்சும்மா" என்றார். கெடட்டும் சார் என்றேன். அவரை எதிர்த்துப் பேசினது அதுதான் முதல் தடவை.

அப்பாவிடம் சொல், அவர் சோத்துக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று. நம் உள்ளூர் பஸ்களில்தான் முதலில் ஒட்டுவார்களாம்.

பாப்பா


ஜூலை 24

அன்புள்ள பாப்பா,

நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். காணோம். என் வீறாப்பு இன்றோடு போயிற்று. நானே எழுதுகிறேன்.

அப்பா நடக்கிறார்!

எப்படி என்று கேள். விசில் மாமா மறுபடியும் வந்து, "வாங்கண்ணே, ஒரு நடை போய்ட்டு வருவோம்" என்று வம்படியாகக் கிளப்பிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். பல நாள் நடக்காத கால் என்று டிப்போவுக்கும் பஸ்ஸிலேயே போனோம். ஏறியதும் அந்த வாய் சும்மா இருக்குமா? "இதோ பாருங்க, எங்க டிரைவர் அண்ணன் போட்டோ" என்று எல்லாருக்கும் காட்ட ஆரம்பித்தார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அப்பா ஸ்டிக்கரைக் கிட்டப் போய்ப் பார்த்தார். உற்று உற்றுப் பார்த்தார். அப்புறம் வலது கையை உயரத் தூக்கிக்கொண்டு, "டேய் விசிலு, கண்ணத் தொடச்சுட்டுப் பாருடா. இவனுக்குப் போனது சோத்துக்கை. எனக்கு இது கல்லு மாதிரி இருக்கு. இது நானா? இவன் வேற எவனோ!" என்றார்.

பஸ்ஸே சிரித்தது. மாமா ஆளையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, ஆளு வேறதான்" என்று ஒத்துக்கொண்டார். டிப்போவுக்குப் போய் அங்கேயும் இதே வழக்கு. அப்பா ஒவ்வொருவரிடமும் கையைத் தூக்கிக் காட்டி ஜெயித்துக்கொண்டே வந்தார். அன்றிலிருந்து நான் சொல்லவே வேண்டாம். காலையில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்திருக்கிறேன். அந்த ஆளுக்கு "தம்பி" என்று பெயர் வைத்திருக்கிறார். "தம்பி இன்னிக்கு எந்த வண்டியில இருக்கான் பாக்கணும்" என்று கிளம்புகிறார். நேற்று சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாவம் அவன், எப்படிச் சாப்புடுவான்?" என்றார். பாப்பா, அவர் இன்னொருவரைப் பாவம் என்று சொல்லி நான் கேட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று.

நீ போன் செய்தாயாமே. "சின்னவகிட்ட சோத்துக்கை சங்கதியச் சொல்லிட்டேன், அதுக்குள்ள சிரிப்பு வந்துருச்சு, வெச்சுட்டேன்" என்றார். உனக்குப் புரிந்ததோ என்னவோ. வாய் கோணினபிறகு அவர் சிரிப்பதும் அழுவதும் காதுக்கு ஒன்று போலத்தான் கேட்கும். முகத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நீ சொன்னதுதான் சரி. வக்கீல் என்று உன்னைத் திட்டினேன். கடைசியில் அந்த வக்கீல் பேச்சுதான் அப்பாவைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தக் கையை மாற்றிப் போட்டாயே, உன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். எடுக்கச் சொல்லி யாரிடமும் போய் நிற்காதே. ஒரு கோடுகூட மாற்றாதே. அப்படியே இருக்கட்டும்.

அடுத்த விடுமுறைக்கு வா. வராந்தா, கருப்புத் தாள் எல்லாம் விவரமாகச் சொல். உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 28

அக்கா,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது இதற்குள் உனக்கு வந்திருக்கும். நீ வாசித்திருப்பாய்.

உன் கடிதம் கையில் இருக்கும்போதே அச்சகத்துக்கு ஓடினேன். புது ஸ்டிக்கர்களை ஏற்கனவே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த அதிகாரியிடம் போய், பழையபடியே போடுங்கள் என்று அழுதேன். "நீதானேம்மா தப்புன்னு திருத்திக் குடுத்தே? இப்ப எதும்மா சரி?" என்று கேட்டார்.

அன்று போனில் பேசின அப்பாவின் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். காதால் கேட்டேன், நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அப்பாவை பஸ்ஸில் ஏற்றாதே, அக்கா. நடந்தே போய் நடந்தே வரட்டும். இல்லையென்றால் ஆட்டோவில் கூட்டி வா. விசில் மாமாவிடம் சொல்லிவை. என்ன பொய் வேண்டுமானாலும் சொல். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

பாப்பா


ஆகஸ்ட் 9

பாப்பா,

பொய் சொல்லிப் பார்த்தேன். பஸ் ஸ்டிரைக் என்றேன். வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டினவரிடம் அந்தப் பொய் எத்தனை நேரம் நிற்கும்?

புதன்கிழமை ஏறினோம். விசில் மாமாவிடம் முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் பாவம், வாயைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "என்னடா இன்னிக்கு ஊமையா வர்றே? தம்பியக் கேக்க மாட்டியா?" என்று அவரே ஆரம்பித்தார். ஏறினதும் எதிரில் நின்ற ஒரு பெண்ணிடம், "இதப் பாருங்கம்மா, எல்லாரும் இது நான்னு சொல்றாங்க" என்று வழக்கம்போல வலது கையைத் தூக்கிவிட்டார். தூக்கின பிறகுதான் பார்த்தார்.

கை அப்படியே நின்றது. அந்தப் பெண் படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். "ஆமாங்க ஐயா, நீங்களேதான்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். இருக்கையில் இருந்தவரை எழுப்பியும் விட்டாள்.

அப்பா கையை இறக்கினார். நான் அவரிடம் ஏதோ உளறினேன். புது ஸ்டிக்கர் அப்பா, தப்பாக அச்சடித்துவிட்டார்கள் என்று. அவர் தலையை ஆட்டினார். "தப்பில்ல. பாப்பா சரியாத்தான் போட்டிருக்கா" என்றார். சொல்லிவிட்டு அந்த இருக்கையில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. இறங்கும்போது விசில் மாமாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து செருப்பு மாட்டவில்லை. கால் வலிக்கிறதாம். பையை மணிக்கட்டிலிருந்து கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னார். மாட்டியிருக்கிறேன். பிசியோதெரபிஸ்ட் இனி வாரம் ஒரு முறை வந்தால் போதும் என்கிறார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

நீ விடுமுறைக்கு வருவதைப் பற்றி எழுதியிருந்தேன். இப்போது வேண்டாம். எப்போது என்று நானே எழுதுகிறேன்.

உன் சாரிடம் சொல்லிவிடு. எழுத்து ஒன்றுகூட இல்லை, வரைந்தவள் பக்கத்திலும் இல்லை. எங்கள் அப்பாவுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

அக்கா